முதல் பிடி விதை

ராசா, நீ போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் ஏதாவது ஒன்று சொல்லித் தட்டிக்கொண்டே இருக்கிறேன். மழைக்கு முன்னால் வீட்டைக் காலி செய்துவிட்டு மம்சாபுரம் தோட்டத்துக்கே வந்துவிடம்மா என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு முட்டுவலி வந்துவிடுகிறது. ரேஷன் கார்டு ஞாபகம் வருகிறது. ராஜபாளையத்தை விட்டால் தூக்கம் வராது என்கிறேன். அதெல்லாம் பொய். உண்மையை போனில் சொல்ல வழியில்லை, நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் 'ஐயா' என்று வாயைத் திறந்தால் அந்தப் பக்கமிருந்து உன் மாமியார் "மதினி, சாப்ட்டாச்சா?" என்கிறாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. சுகந்திக்கு வேண்டுமானால் காட்டு, பெண்டாட்டியிடம் மறைத்தால் அது வேறு வினையாகும். அவளுடைய அம்மாவுக்குக் காட்டாதே.

நான் வராததற்குக் காரணம் பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் ஏதாவது வைக்க முடியுமா என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன், எதுவும் ஒத்து வரவில்லை.

உன் அப்பா போன பிறகு நீ ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தபோது தெருவே சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மகன் எனக்காக வந்துவிட்டான் என்று நினைத்தேன். நீ மண்ணுக்காக வந்திருந்தாய். யாரோ ஒருவருடைய தோட்டத்தில் தங்கிப் படித்ததாகச் சொல்லி, "பெர்மாகல்ச்சர்ம்மா" என்றாய். "அப்படின்னா என்னய்யா?" என்று கேட்டேன். "நெலத்துல உள்ளது நெலத்துக்குள்ளயே சுத்தணும். மழைத்தண்ணி வெளிய ஓடக் கூடாது, குப்பை வெளிய போகக் கூடாது, நமக்கு வேணுங்கறது வெளிய இருந்து வரக் கூடாது" என்றாய். "அப்போ உப்பு?" என்றேன். "உப்ப மட்டும் வாங்கிக்கிடுவோம்" என்று சிரித்தாய். எடுத்த எடுப்பில் மண்வெட்டியைத் தொடக் கூடாது, முதலில் ஒரு வருடம் நிலத்தைச் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாய். அப்படியே செய்தாய். வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது, மலைக்காற்று எப்போது இறங்குகிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாகத் தப்பித்து ஓடுகிறது, எந்த இடத்தில் எந்தக் களை தானாக முளைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாய். அந்த வருடம்தான் நான் தாலியைக் கழற்றிய வருடம். என் முகத்தில் எந்தப் பக்கம் வெயில் சாய்கிறது என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. நீ ஒரு பிடி மண்ணை அள்ளி மூக்கருகில் வைத்து, "உயிரு திரும்புதும்மா, மோந்து பாரேன்" என்பாய். மோந்து பார்த்தேன். மண் வாசம்தான் அடித்தது. மண்ணின் மேல் பொறாமைப்பட்டவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு ஒருநாள் குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினாய். நடுவில் வீடு. தினம் பறிக்கிற கீரையும் கறிவேப்பிலையும் மிளகாயும் அடுப்படி வாசலில். வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிற காய்கறி அதற்கு அடுத்து. கோழிக்கூடு அதற்கும் அப்பால். எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதும் என்கிற வேம்பும் பனையும் வேலி ஓரத்தில். எதை எத்தனை தடவை பார்க்கிறோமோ அதை வைத்துத்தான் அதற்கு இடம் என்றாய். நல்ல கணக்குத்தான். அடுப்படி வாசல் கீரைப்பாத்தி, பாதி நாள் அங்கேயே வந்து இருக்கிற உன் மாமியார் அத்தையின் பாத்தி. நான் பனைக்கும் அப்பால், பஸ் ஏறி வர வேண்டிய தூரத்தில் இருந்தேன். தோட்டத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேல் வேலை இருக்க வேண்டும் என்றும் சொன்னாய். கோழி முட்டை போடுகிறது, புழுவைத் தின்கிறது, மண்ணைக் கிளறுகிறது, எருவும் தருகிறது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர்கூட வாழைக்குப் போகிறது. நான் வந்தால் என்னைக் கட்டிலில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிறீர்கள். அங்கே எனக்கு உள்ள வேலை காப்பி குடிப்பது ஒன்றுதான்.

அந்த நிலம் உன் அப்பா மில் கணக்கு முடித்த காசில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பி என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இங்கே அடுப்படி, இங்கே உனக்கு அம்மி போடுவேன் என்று வெறும் பொட்டலில் கைகாட்டுவார். நீ ஓசூரில் இருந்த ஒரு வருடம் சோளம் போட்டோம். அவருக்கு அதில் அவ்வளவு ஆசை. நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுது மாவு மாதிரி ஆக்கி வைத்திருந்தார். விதைப்பெட்டியை என்னிடம் நீட்டி, "ஏட்டி, நீ போடு. வீட்டுக்காரி கைதான் மொதல்ல விழணும்" என்றார். போட்டேன். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது, ஒன்றும் முளைக்கவில்லை. "என் கையி சரியில்ல போல" என்று நான் மூக்கைச் சிந்தினேன். "ஒன் கையெல்லாம் சரியாத்தான் இருக்கு, வானம்தான் வெளங்காமப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தி எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். நீ வந்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உழுது உழுது மண்ணைக் கொன்று வைத்திருக்கிறார்கள் என்று போனில் யாரிடமோ சொன்னாய். பொதுவாகத்தான் சொன்னாய். ஆனால் அந்த நிலத்தை உழுதது ஒரே ஒருத்தர்தான், ராசா.

போன ஐப்பசியை நினைத்துப் பார். மூன்று கம்பை முக்கோணமாகக் கட்டி, நடுவில் கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டு, மட்டம் பார்த்துப் பார்த்து, சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி வைத்திருந்தாய். முதல் மழை அதில் ஓடாமல் நின்று ஊறியது. எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் விதைப்பு. கம்பு, துவரை, தட்டைப்பயறு, ஆமணக்கு, கொள்ளு என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்று சொல்லி, ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு நின்றாய். சுகந்தி நின்றாள், அத்தையும் மாமாவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமாவின் ஆட்டோவில் வந்து நின்றார்கள். நான் தலைக்குக் குளித்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தேன். "யாராச்சும் ஆரம்பிச்சு வையுங்க, மேகம் கட்டுது" என்றாய். உன் அத்தை என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்ததும் என் கால் தன்னால் ஒரு எட்டுப் பின்னால் போனது. "நீங்க போடுங்க மதினி. தாலியோட கட்டுக்கழுத்தி நீங்க இருக்கையில நான் எதுக்கு" என்றேன். "அட, ஒங்க நெலம், நீங்க போடுங்க மதினி" என்று அவள் சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள். நம்ம பக்கம் மரியாதைக்கு ஒரு இட்லி வைப்பதற்கே மூன்று தடவை கேட்பார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், முருகா என்றாள், பெட்டிக்குள் கையை விட்டாள். நீ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவளாக முந்திக்கொள்ளவில்லை, நானாகத்தான் ஒதுங்கினேன். அது எனக்குத் தெரியும். என் வாய்தான் சொன்னது. ஆனால் அன்றிலிருந்து ஒரு மாதம், அந்த விதை முளைக்காமல் போகட்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே இருந்தேன். பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது? நினைத்தேன். அதுவோ என்னைப் பழிவாங்குவது போல நெருக்கி முளைத்தது. நீ போட்டோ எடுத்து அனுப்பினாய். பக்கத்து வீட்டு ஜைனம்பு என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "எம்புட்டுப் பச்சை! கண்ணு குளுந்து போச்சுக்கா" என்றாள். எனக்குக் கண் எரிந்தது.

அதற்குப் பிறகு மஞ்சள் பையில் காய் வர ஆரம்பித்தது. கத்தரி, வெண்டை, தட்டாங்காய். கூடவே ஸ்பீக்கரில் உன் அத்தை குரல்: "நம்ம கையால போட்டது மதினி, மருந்தே கெடையாது, வதக்கிச் சாப்புடுங்க." நான் ஒரு காயைக்கூட வதக்கவில்லை. பையோடு ஜைனம்புவிடம் கொடுத்துவிட்டு மார்க்கெட்டில் போய் வாடிய கத்தரிக்காய் வாங்கி வந்தேன். அவள் சும்மா இருப்பாளா? "ஏன்க்கா, ஒங்க தோட்டத்துக் காய எனக்குக் குடுத்துட்டு நீங்க காசு குடுத்து வாங்குறீகளே, மகன்கூடச் சண்டையா?" என்றாள். "சண்டையெல்லாம் இல்லட்டி. எனக்கு வாய்வு, ஒத்துக்கிடாது." "தட்டாங்காய்க்கு வாய்வு சரி. வெண்டைக்காயுமா வாய்வு?" "எல்லாந்தான்." "கீரைகூடவா?" "ஏட்டி, குடுத்தா வாங்கிட்டுப் போவியா, வக்கீலாட்டம் கேள்வி கேக்க!" அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாய்வு இல்லக்கா, இது வயித்தெரிச்சல்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். என்னைக் கட்டிய சேலையோடு தெருவில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

புரட்டாசி சனிக்கிழமை நடந்ததைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசவில்லை. நீங்கள் எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் குன்றில் இருக்கிற நம்ம திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போனீர்கள். படி ஏற முடியாது என்று நான் தோட்டத்திலேயே தங்கிவிட்டேன். தனியாக உட்கார்ந்து பார்த்தால், வாசலைச் சுற்றிப் பாத்தி முழுக்க இலையும் வைக்கோலும் தென்னை ஓலையும் வாழைச்சருகும் பரந்து கிடக்கிறது. உள்ளே சுவரில் உன் அப்பா படம். அந்த மனுசன் வாழ்ந்த வீட்டில் விடிந்தால் கூட்டாத வாசல் கிடையாது. படத்தில் இருந்துகொண்டு இந்தக் குப்பையையா பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டது. மண் வெயிலில் காயாமல் இருக்க மூடாக்குப் போட்டிருக்கிறோம் என்று நீ எப்போதோ சொன்னது காதில் விழுந்திருந்தது. அது வயலுக்குச் சொன்னது, வாசலுக்கு இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. கீரைப்பாத்தி, மிளகாய்ப்பாத்தி, மாங்கன்று தூர் என்று ஒவ்வொன்றாகச் சுத்தமாகக் கூட்டி அள்ளி, குவித்து, தீ வைத்தேன். எத்தனை நாள் கழித்து எனக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது! முட்டுவலிகூடத் தெரியவில்லை. தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டேன். வரட்டும், இது யார் வீடு என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் வந்து இறங்கினீர்கள். உன் அத்தை கன்னத்தில் கையை வைத்து, "ஐயையோ மதினி, என்ன காரியம் பண்ணிட்டீக! ரெண்டு வருச மூடாக்குல்லா!" என்று அலறினாள். சுகந்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நீ குனிந்து அந்தச் சுத்தமான மண்ணைத் தொட்டுப் பார்த்தாய். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லம்மா" என்றாய். அவ்வளவுதான். உள்ளே போய் எனக்குத் துளசித் தீர்த்தமும் பிரசாதமும் எடுத்து வந்து கொடுத்தாய்.

என்னை எரித்தது அந்தப் 'பரவாயில்ல'தான். அதே சாயங்காலம் சுகந்தி வாழைக்குப் போகிற குழாயைத் திறந்துவிட்டு மறந்ததற்கு, "ஒனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்ல அதையும் உரக்குழியில போட்டுட்டியா" என்று கத்தினாய். அவளும் பதிலுக்குக் கத்தினாள். உன் அத்தை கோழிக்கூட்டைச் சாத்தாமல் விட்டதற்கு, "அத்தே, கீரிப்பிள்ளைக்கு விருந்து வச்சிருக்கீகளா?" என்று நீ கேட்க, அவள், "ஆமா மாப்ள, அதுக்கும் பசிக்கும்லா" என்றாள். மருமகனும் மாமியாரும் சேர்ந்து சிரித்தீர்கள். ரெண்டு வருட உழைப்பைத் தீ வைத்தவளை மட்டும் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அத்தை அலறினாளே, அந்த ஒரு நிமிடம்தான் நான் அந்த வீட்டு மனுசியாக இருந்தேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், மனதில் வை. யாரிடம் கோபப்படுவதை விட்டுவிடுகிறாயோ அவர்களை நீ விருந்தாளி ஆக்கிவிடுகிறாய். சுகந்தியிடம் அந்தத் தப்பைச் செய்துவிடாதே. என்றைக்காவது அவளிடமும் 'பரவாயில்ல' என்று சொல்லிவிட்டு நகர்ந்து போனாய் என்றால், அன்றைக்கு உன் வீட்டில் ஏதோ காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நான் எழுதியதெல்லாம் அரைகுறை. அன்று பொழுது சாய உன் அத்தையும் மாமாவும் கட்டிலில் உட்கார்ந்து தட்டாங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். "ஏ இவளே, பல்லால கடிச்சு உரிக்கிறியே, வெரலு எதுக்கு இருக்கு?" என்றார் மாமா. "ஒங்களுக்குக் காலம் பூராம் வடிச்சுக் கொட்டுனதுல அது தேஞ்சு போச்சு" என்றாள் அவள். "தேஞ்ச வெரலுக்கு இம்புட்டு மோதிரமா" என்றார் அவர். ஒன்றுமில்லாத பேச்சு. நான் எழுந்து பின்பக்கம் போய் உரக்குழி ஓரம் நின்றுகொண்டேன். உன் அப்பா கைகாட்டிய அடுப்படி அது. அங்கே வேறொரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அவள் என் முட்டுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள், தெரியுமா? வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாகப் பால்கோவா வாங்கி வருகிறாள். கெட்டவளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். நல்லவளாக இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இத்தனையும் யோசித்து யோசித்து, கடைசியில் என் கோபம் அவள் மேல் இல்லை என்று கண்டுபிடித்தேன். நிலத்துக்கு வந்த நாளிலிருந்து நீ எல்லாவற்றையும் கேள்வி கேட்டாய். ஏன் உழணும், ஏன் எரிக்கணும், ஏன் ஒரே பயிரைப் போடணும், ஏன் மருந்து அடிக்கணும், காலங்காலமாகச் செய்தால் அது சரியாகிவிடுமா என்று ஊர்ப் பெரியவர்களிடமே மல்லுக்கு நின்றாய். நான் உள்ளே பெருமைப்பட்டேன். ஆனால் உன் அம்மா ஒரு எட்டுப் பின்னால் போனபோது, அது ஏன் என்று நீ கேட்கவில்லையே. புருஷன் செத்துப்போனால் பெண்டாட்டி கையில் உள்ள விதையும் செத்துவிடுமா என்று உன் படிப்பில் எங்காவது எழுதியிருக்கிறதா? ஒரு களையைக்கூட, அது ஏன் அங்கே முளைத்தது என்று தெரியாமல் பிடுங்கமாட்டேன் என்கிறாய். என்னைப் பிடுங்கி ஓரத்தில் போட்டது யார் என்று பார்க்காமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, ஐயா. நான் ஒதுங்கியதற்குக் காரணம் வெட்கம் என்று நினைத்தாயா, மரியாதை என்று நினைத்தாயா? பயம். உன் விதை முளைக்காமல் போனால், தாலியறுத்தவள் கை பட்டதுதான் காரணம் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன் என்கிற பயம். அன்று சோளம் முளைக்காதபோது, வானத்தின் மேல் பழியைப் போட எனக்கு ஒருத்தர் இருந்தார்.

நான் வாரேன். ஐப்பசி பிறந்ததும் வாரேன். சாமான் அதிகம் இல்லை, உன் மாமாவின் ஆட்டோவே போதும். கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடிக்க வரவில்லை. உன் அத்தையைப் பார்த்து எனக்கு வயிறு எரிவது வந்த அன்றே அணைந்துவிடாது. அது பாட்டுக்கு எரியட்டும், நீ கண்டுகொள்ளாதே. இலையை நான் எங்கே கூட்டுகிறேன் என்று மட்டும் கண்ணில் வைத்துக்கொள், தப்பாகக் கூட்டினால் சத்தம் போடு.

இந்த வருட விதைப்பை நான்தான் தொடங்க வேண்டும். முளைப்பதும் முளைக்காததும் மழை பாடு, மண் பாடு. அதை நீ எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பெட்டியை என்னிடம் நீட்டு. யாராவது சாஸ்திரம் பேசினால் பதில் நீ சொல், என்னைச் சொல்ல விடாதே. அத்தை பக்கத்தில் நின்று பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். அந்த நேரம் வந்தால் என் வாய் வேண்டாம் என்றுதான் சொல்லும், பழகிய வாய். "அவிய போடட்டும்ய்யா" என்று நானே உன் கையைத் தள்ளிவிடுவேன். அதைக் கேட்காதே. பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, நீ உன் கையை எடுத்துவிடு.